எந்த மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க?

பி.காம். சேர்ந்து மூன்றாவது வாரம் துறை வாசலில் ஒரு தாளை ஒட்டினார்கள். 'நான் மேஜர் எலெக்டிவ்' என்று தலைப்பு. உன் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். அதுவரை என் வாழ்க்கையில் நானாகத் தேர்ந்தெடுத்தது ஒன்றுமில்லை. பி.காம்.கூட மாமா தேர்ந்தெடுத்ததுதான். அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று சுதந்திரம் கொடுத்தால் என்ன செய்வான்? சீனியரைத் தேடிப் போவான்.

சீனியர் பரோட்டாக் கடையில் இருந்தார். "அண்ணே, எதை எடுக்கலாம்?" என்றேன். அவர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் போட்டபடியே கல்லூரியின் மொத்த அறிவுத்துறைகளையும் அலசினார்.

"கெமிஸ்ட்ரில 'அன்றாட வாழ்வில் வேதியியல்'னு பேர் அழகா வெச்சிருப்பான். உள்ள போனா பென்சீன் வளையம் உக்காந்திருக்கும். ஹிஸ்டரில சுற்றுலாவியல். எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. கணக்கு டிபார்ட்மென்ட் பக்கம் தலை வெச்சே படுக்காத. பாட்டனில காளான் வளர்ப்புன்னு ஒண்ணு இருக்கு. அதை எடு. அந்த மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். என் உயர்கல்வியின் திசை இரண்டு பரோட்டாவுக்குள் முடிவாகிவிட்டது. காசும் நான்தான் கொடுத்தேன்.

இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. இந்த விருப்பப் பாடம் என்கிற சமாச்சாரம் எங்கிருந்து கிளம்பியது என்று பிற்பாடு தேடிப் படித்தபோது கூச்சம் போய்விட்டது. நான் சீனியரிடம் கேட்ட அதே கேள்வியை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். பரோட்டா மட்டும்தான் கிடையாது.

முதலில் விருப்பம் என்ற பேச்சே இல்லாத காலம். ஹார்வர்டு 1636-ல் பிறந்தது. அதன் முதல் தலைவர் நத்தேனியல் ஈட்டன். 1637-ல் வேலைக்கு வந்தார், 1639-ல் துரத்தப்பட்டார். உதவியாளர் ஒருவரை அக்ரூட் மரத் தடியால் நையப் புடைத்தது குற்றம். விசாரணையில் வீட்டுச் சமையலும் சந்திக்கு வந்தது. சாப்பாடு அவர் மனைவியின் பொறுப்பு. சோளமாவுக் களியில் ஆட்டுப் புழுக்கை கிடந்ததாகப் பையன்கள் புகார். அதுபற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார் அம்மையார். ஆனால் நடுநடுவே அரை வாரம், ஒரு வாரம் என்று பீர் இல்லாமல் போனதற்கு மட்டும் மனமார வருத்தம் தெரிவித்தார். நம்மூர் ஹாஸ்டல் ரசத்தில் கிடைக்காத ஜீவராசி இல்லை. பீர் தட்டுப்பாட்டுக்காக எந்த வார்டனும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

அடுத்து 1640-ல் ஹென்றி டன்ஸ்டர் வந்தார். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. லத்தீன் தெரிந்தால்தான் பையனை உள்ளேயே விடுவார். உள்ளே வந்தபிறகு கிரேக்கம், ஹீப்ரு, கால்தேயம், சிரியாக், தர்க்கம், கணக்கு, வானியல். எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எது என்பது வரை எழுதி வைத்துவிட்டார்கள். கல்லூரி எல்லைக்குள் தாய்மொழியில் பேசக் கூடாது என்றும் சட்டம். அவர்களுடைய தாய்மொழி ஆங்கிலம்! கான்வென்டில் தமிழ் பேசி ஐந்து ரூபாய் ஃபைன் கட்டியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். 1642-ல் முதல் பட்டமளிப்பு. ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே பாடம். 'எனக்குச் சிரியாக் வேண்டாம், அதற்குப் பதிலாக வேறேதாவது' என்று எவனாவது கேட்டிருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார்கள். பாதிரியார் தூரத்தில் இல்லை, அவர்கள்தான் பாடமே நடத்தினார்கள்.

பாடத்தை எதிர்க்க வழியில்லாத பிள்ளைகள் சாப்பாட்டை எதிர்த்தார்கள். 1766-ல் வெண்ணெய் நாறுகிறது என்று ஆசா டன்பார் என்ற மாணவர் எழுந்து நிற்க, அது பெரிய கலகமாகிவிட்டது. பின்னாளில் ஒத்துழையாமை பற்றி எழுதிய தோரோவுக்கு இந்த ஆசா டன்பார் தாய்வழித் தாத்தா. தோரோவைக் காந்தி படித்தார். ஆக, உப்புச் சத்தியாகிரகத்தின் ஆதிமூலம் ஊசிப்போன வெண்ணெய் என்று நான் சொன்னால் வரலாற்றுத் துறைக்காரர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். நான் காளான் பிரிவு.

பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று முதலில் பெரிய அளவில் துணிந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைத் தானே திட்டம் போட்டு, கட்டடத்தையும் தானே வரைந்து கட்டினார். பழைய மொழிகள், புதிய மொழிகள், கணிதம், சட்டம் என்று எட்டுப் பிரிவுகள். மாணவன் தனக்கு வேண்டியதில் உட்காரலாம், வேண்டாததற்கு வர வேண்டியதில்லை. ஐரோப்பாவிலிருந்து பேராசிரியர்களைக் கப்பலேற்றி வரவழைத்தார். மனிதனை நம்பினால் மனிதன் நம்பிக்கையைக் காப்பாற்றுவான் என்பது அவருடைய தத்துவம்.

1825 மார்ச்சில் வகுப்புகள் தொடங்கின. அக்டோபருக்குள் பையன்கள் முகமூடி போட்டுக்கொண்டு, ஐரோப்பியப் பேராசிரியர்கள் ஒழிக என்று கத்திக்கொண்டு கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். ஏழே மாதம். 82 வயது ஜெஃபர்சன் மாணவர்கள் முன் பேச எழுந்தார். சுதந்திரப் பிரகடனம் எழுதிய மனிதருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கலகக்காரர்களில் ஒருவன் அவருடைய சொந்தக்காரப் பையன் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் குடும்பங்களிலும் இப்படித்தான். ஊருக்கே புத்தி சொல்லும் பெரியப்பாவின் வீட்டுக் கண்ணாடிதான் முதலில் உடையும்.

ஜெஃபர்சனை மட்டும் குறை சொல்லக் கூடாது. சுதந்திரமே கொடுக்காத இடங்களிலும் அதே கூத்துதான். ஹார்வர்டில் 1823-ல் கடைசி வருஷ மாணவர்கள் செய்த கலகத்தில் 70 பேர் வகுப்பிலிருந்து 43 பேரை, பட்டமளிப்புக்குக் கொஞ்சம் முன்பாக, வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவனுக்குத் தாத்தா முன்னாள் ஜனாதிபதி, அப்பா வருங்கால ஜனாதிபதி. சிபாரிசு எடுபடவில்லை. யேல் கல்லூரியில் 1830-ல் கூம்பு வெட்டு ஜியோமிதியைப் படம் பார்க்காமல் கரும்பலகையில் போட்டுக் காட்டு என்றதற்கு இரண்டாமாண்டு மாணவர்கள் முடியாது என்றார்கள். எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள்? 43. இந்த எண்ணுக்கும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் ஏதோ ஜாதகக் கோளாறு.

யேல்காரர்கள் அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1828-ல், ஓர் அறிக்கை விட்டிருந்தார்கள். செத்த மொழிகளைத் தூக்கிவிட்டு நடைமுறைக்கு உதவும் பாடங்கள் வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்குப் பதில் அது. கல்லூரி எதற்கு? மூளைக்குப் பயிற்சி கொடுக்க, மூளைக்குள் சாமான் அடுக்க. இரண்டுக்கும் லத்தீனும் கிரேக்கமும்தான் தோது. பிள்ளை இஷ்டத்துக்கு விட முடியாது. அறிக்கை நாடெங்கும் எடுபட்டது. அடுத்த நாற்பது வருஷம் வேறு எவனும் பெரிதாக வாயைத் திறக்கவில்லை. அறிக்கைக்குக் கொஞ்சம் முன்பே, ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த ஜார்ஜ் டிக்னர் ஹார்வர்டில் கொஞ்சம் முனகிப் பார்த்திருந்தார். சரி சரி, உன் துறையில் மட்டும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது கதாநாயகன் வருகிறார். சார்லஸ் வில்லியம் எலியட். வேதியியல்காரர். ஹார்வர்டில் 1863-ல் எதிர்பார்த்த பேராசிரியர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மனம் நொந்து ஐரோப்பா போனார், திரும்பி வந்து எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தினார். 1869-ல் அதே ஹார்வர்டு அவரைத் தலைவராகவே கூப்பிட்டது. அப்போது வயது 35. புரமோஷன் கொடுக்காத அலுவலகத்துக்கே முதலாளியாகத் திரும்பி வருவது நம்மில் பலருக்குப் பகல் கனவு, இந்த மனிதருக்கு நடந்தது. வந்தவர் லேசில் எழுந்து போகவில்லை. 40 வருஷம், 1909 வரை, அந்த நாற்காலிதான்.

எலியட்டின் வாதம் எளிமையானது. எந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மூளை கிடையாது. 18 வயதுப் பையனுக்குத் தனக்கு எது வருகிறது என்று தெரியும். தெரியாவிட்டால் தேர்ந்தெடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக உருவினார். 1872-ல் கடைசி வருஷத்துக்கு விடுதலை. 1879-ல் மூன்றாமாண்டுக்கு. 1884-ல் இரண்டாமாண்டுக்கு. 1886-ல் தினசரிப் பிரார்த்தனைக்கு வர வேண்டிய கட்டாயமும் போனது. 1890-கள் முடிவதற்குள் மொத்த ஹார்வர்டிலும் கட்டாயம் என்று மிச்சமிருந்தது முதலாமாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றுதான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கும்பகோணம் போகும்போது வேண்டியிருக்கும்.

வருகைப் பதிவிலும் தாராளம் காட்டினார்கள். அங்கேதான் பிடித்தது சனி. ஹார்வர்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. ஒரு பையன் பருவத்தின் நடுவில் கியூபாவுக்கு, ஹவானாவுக்கு, உல்லாசமாகக் கிளம்பினான். போகும் முன் வீட்டுக்கு அடுத்தடுத்த வாரத் தேதி போட்டுக் கடிதங்களை எழுதி அடுக்கினான். நலம், படிக்கிறேன், குளிர் அதிகம் என்கிற வகைக் கடிதங்கள். வாரம் ஒன்றாகத் தபாலில் போட ஏற்பாடு. அறை கூட்டும் அம்மாள் மேசையில் கட்டாகக் கிடந்ததைப் பார்த்தார். பாவம் பிள்ளை, மறந்துபோய்விட்டான் என்று மொத்தத்தையும் ஒரே நாளில் தபாலில் சேர்த்துவிட்டார். இன்னும் வராத தேதிகளிலிருந்து மகன் நலம் விசாரிப்பதைக் கண்ட அப்பா ரயிலேறி வந்தார். என் மகன் எங்கே என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு வருகைப் பதிவு மறுபடி இறுகிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எனக்கு அனுதாபம் அந்த அறை கூட்டும் அம்மாள் மீதுதான். அந்தக் கதையில் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்.

பாடங்களைப் பிள்ளைகள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? நதானியேல் ஷேலர் என்ற பேராசிரியரின் நான்காம் எண் நிலவியல் பாடத்துக்குக் கூட்டம் அலைமோதியது. ஒரு கனவானுக்கு எவ்வளவு கல், மண் தெரிந்தால் போதுமோ அவ்வளவு அதில் கிடைக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஷேலர் உண்மையிலேயே பிரமாதமாகப் பேசுவார். கேட்பவன் பரீட்சையில் தோற்க மாட்டான் என்பதும் உண்மைதான். எலியட்டின் சொந்த ஒன்றுவிட்ட சகோதரர் சார்லஸ் எலியட் நார்ட்டன் நடத்திய கலை வரலாற்று வகுப்பும் நிரம்பி வழிந்தது. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பின்வரிசைக்காரர்கள் வெளிப்படிக்கட்டு வழியாக மெதுவாக இறங்கிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு. அரங்கத்தில் மைக்கேலேஞ்சலோ உயர்ந்துகொண்டே போவார், பின்வரிசை இறங்கிக்கொண்டே போகும்.

ஆக, அறிவின் கடலில் பிள்ளைகளை நீந்த விட்டால் அவர்கள் முதலில் கண்டுபிடித்தது முழங்கால் ஆழம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். காலையில் சீக்கிரம் எழ வேண்டாத வகுப்பு, மாடிப்படி ஏற வேண்டாத அறை, கருணை உள்ளம் கொண்ட வாத்தியார். 1903-ல் ஹார்வர்டே ஒரு குழு போட்டுப் பார்த்தது. ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட மாணவர்கள் மிகக் குறைந்த நேரமே படிக்கிறார்கள் என்று அது கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிக்கக் குழு போட்ட ஊர் அது. நம்மூரில் ஹாஸ்டல் வாட்ச்மேனைக் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார்.

எதிரி இல்லாத நாயகன் உண்டா? பிரின்ஸ்டனின் தலைவர் ஜேம்ஸ் மெக்கோஷ், ஸ்காட்லாந்துக்காரர். 1885-ல் நியூயார்க்கில் இருவரையும் மேடையேற்றினார்கள். நம்மூர்ப் பட்டிமன்றத்துக்கு உரிய எல்லா லட்சணமும் இருந்தது, நடுவர்தான் குறை. இந்த ரீதியில் போனால் லேசான பாடமாகப் பொறுக்கிப் பொறுக்கியே ஒருவன் பட்டம் வாங்கிவிடுவான் என்றார் மெக்கோஷ். பையனை நம்புங்கள் என்றார் எலியட். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் சண்டை இன்னும் முடியவில்லை.

இந்தச் சமயத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் காப்பியடித்து ஆரம்பித்தது. வேலை, பரீட்சை வைப்பது. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்பது அதன் வேலையில்லை. 1904-ல், ஹார்வர்டில் பிள்ளைகள் பிடித்ததைத் தின்று பிடிக்காததைத் தள்ளிவைத்த அதே காலத்தில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையோடு ஒரு பையன் சேர்ந்தான். பெயர் ராமானுஜன். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட கல்லூரி அது. பையன் கணக்கைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் கோட்டைவிட்டான். உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினான்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. இங்கே வில்லன் உடலியல். தவளையின் குடலுக்கும் முடிவிலித் தொடருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் விளக்கவில்லை. ஜீரண மண்டலம் பற்றிய கேள்விக்கு, 'ஐயா, இந்தப் பாடம் எனக்கு ஜீரணமாகவில்லை, ஜீரணமாகாததை அப்படியே தருகிறேன்' என்கிற மாதிரி விடைத்தாளில் எழுதி வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். திருத்தியவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்ததா தெரியாது, மதிப்பெண் இல்லை. எஃப்.ஏ.வில் தோல்வி. மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி.

ஐயோ, இவரை அப்போதே எலியட்டிடம் அனுப்பியிருந்தால் என்று நமக்குத் தோன்றும். அங்கே உடலியல் கட்டாயமில்லை, கிரேக்கம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலை முதல் மாலை வரை கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பாடம்தான் கட்டாயம்.

ஆங்கிலக் கட்டுரை.

அங்கேயும் போட்டிருப்பார்கள். தலையெழுத்து என்று சும்மாவா சொன்னார்கள். கடைசியில் 1914-ல் அவர் கப்பலேறி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. கொடுத்தார்கள். தவளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1909-ல் எலியட் ஓய்வு பெற, அபட் லாரன்ஸ் லோவெல் வந்தார். இவருடைய குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் பெர்சிவல் லோவெல் பெரிய தொலைநோக்கி வைத்துச் செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் ஓடுவதாகக் கண்டு, அதை வெட்டிய நாகரிகத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். தங்கை ஏமி லோவெல் கவிஞர், சுருட்டுப் பிடிப்பவர். ஒருவர் வானத்தில் வாய்க்கால் பார்க்க, இன்னொருவர் வீட்டில் புகை விட, நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. (அந்த ஒழுங்கு வெறி வேறு இடங்களிலும் பாய்ந்தது. யூத மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டப் பார்த்தவரும் இவரே.)

லோவெல் ஒரு சமரசம் செய்தார். 16 பாடங்களில் 6 பாடங்கள் ஒரே துறையில். அது உன் ஆழம். இன்னொரு 6 பாடங்கள் உன் துறைக்கு வெளியே, வெவ்வேறு திசைகளில். அது உன் அகலம். மிச்சம் 4 உன் இஷ்டம். 1914-ல் பட்டம் வாங்கிய வகுப்புதான் இதற்கு முதல் போணி. 'மேஜர்' என்று ஒன்று, அதற்கு வெளியே கட்டாயமாகக் கொஞ்சம் என்கிற இன்றைய ஏற்பாட்டுக்கு இந்தக் கணக்குதான் பாட்டன். கவனித்தீர்களா, என்ன நடந்தது என்று? விருப்பப் பாடம் கட்டாயமாகிவிட்டது. விரும்பித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிற வீட்டில், 'பிடிச்சிருக்கான்னு சொல்லு, வர்ற தை மாசம் தேதி குறிச்சாச்சு' என்று கேட்பது மாதிரி.

எலியட் என்ன ஆனார் என்றால், அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். நாற்பது வருஷம் 'பிள்ளை இஷ்டப்பட்டதைப் படிக்கட்டும்' என்று போராடிய மனிதர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு பதிப்பாளரோடு சேர்ந்து நீங்கள் படிக்க வேண்டிய புத்தகங்கள் இவைதான் என்று பட்டியல் போட்டார். ஹார்வர்டு கிளாசிக்ஸ், 51 தொகுதிகள். ஐந்தடி அலமாரியில் அடங்கும், தினம் 15 நிமிஷம் படித்தால் போதும், கல்வி கைகூடும் என்று விளம்பரம். வீட்டு வரவேற்பறைகளில் அடுக்கி வைக்க நன்றாக விற்றது. அடுத்தவன் பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுப்பது சுலபம், அலமாரியைப் பார்த்ததும் வாத்தியார் புத்தி வெளியே வந்துவிடுகிறது.

ஸ்டீவ் ஜாப்ஸ் அழகெழுத்து வகுப்பில் உட்கார்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரியண்டேஷன் மேடையில் அதை முழங்கும் சிறப்பு விருந்தினர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் விவரம் ஒன்று உண்டு. அந்த வகுப்பில் உட்கார்ந்தபோது ஜாப்ஸ் ரீட் கல்லூரி மாணவராகவே இல்லை. படிப்பை விட்டுவிட்டு சும்மா போய் உட்கார்ந்தவர். கிரெடிட் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது, படிவமும் பூர்த்தி செய்யவில்லை. விருப்பப் பாடத்துக்கு உதாரணம் காட்ட நமக்குக் கிடைத்த ஆள், கல்லூரியிலிருந்து நின்றுபோனவர்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இந்தச் சரக்கு 'சாய்ஸ் பேஸ்டு கிரெடிட் சிஸ்டம்' என்ற பெயரில் பரவலாக வந்தது 2008-09 கல்வியாண்டு வாக்கில். பார்ட் ஒன் மொழி, பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ உன் பாடம், பார்ட் ஃபோரில் இந்த நான் மேஜர் எலெக்டிவ். பள்ளியில் தமிழே படிக்காதவருக்கு அந்த நேரத்தில் அடிப்படைத் தமிழ். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பிரெஞ்சுக்கோ ஹிந்திக்கோ தாவியவருக்குச் சிறப்புத் தமிழ். ஓடினாலும் விடமாட்டோம் என்று அர்த்தம். மற்றவர்களுக்குச் சந்தை திறந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு மணி, பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உலகமே தூங்கும் நேரத்தில். தேற வேண்டும், ஆனால் பல இடங்களில் அந்த மார்க் வகுப்புக்கோ ரேங்குக்கோ கணக்கில் வராது.

இதில் மாணவனைவிடத் துறைகளுக்குத்தான் பதற்றம். போதிய மணி நேரம் இல்லாவிட்டால் வேலைப்பளுக் கணக்கு உதைக்கும், ஆள் குறைப்பார்கள். ஆகவே தாள்களுக்குப் பெயர் வைப்பதில் சினிமாக்காரர்களைத் தோற்கடித்தார்கள். இயற்பியல் 'வீட்டு மின்சாதனங்கள்' ஆனது. பொருளியல் 'பங்குச் சந்தை' ஆனது. கணிதம் 'போட்டித் தேர்வுக்கான கணிதம்' என்று மாறுவேடம் போட்டுப் பார்த்தது, நடை காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் எடுத்த காளான் விஷயத்துக்கு வருகிறேன். சீனியர் சொன்னது சத்தியம். அந்த மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரு பாலித்தீன் பை கொடுத்தார், அவ்வளவுதான். வைக்கோலைச் சிறு துண்டாக நறுக்கு, ஊற வை, கொதிக்க வை, எடுத்து உலர்த்து. கைப்பிடி எடுத்துப் பிழி. உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. அதுதான் பதம். பிறகு பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்கு, மறுபடி வைக்கோல். கட்டி, ஓட்டை போட்டு, இருட்டறையில் தொங்கவிடு. இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்புறம் பையைக் கீறிவிட்டுத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. தெளிக்காவிட்டால் காய்ந்துபோகும், காய்ந்த பைக்கு மார்க் கிடையாது. மேடம் எதற்கு அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டும்? பை எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கல்லூரிக்குப் போனது அந்தப் பைக்காக மட்டும்தான்.

முதல் பை பச்சைப் பூசணம் பிடித்து நாறிப்போயிற்று. வைக்கோல் சொட்டச் சொட்ட இருந்தபோதே கட்டிவிட்டேன். மேடம் திட்டவில்லை. பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பிழிஞ்சு பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது பையில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வெடித்தது. கால் கிலோவுக்கு மேல் இருக்கும். செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அம்மா பிரித்துப் பார்த்தார். "என்னடா இது, நாய்க்குடை?"

"காளாம்மா. காலேஜ்ல நானே வளர்த்தேன்."

"பி.காம்.ல இதுவா சொல்லித் தராங்க?" என்று கேட்டபடியே மிளகு போட்டு வறுத்தார். தட்டில் எனக்கு மட்டும் வைத்தார். எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான் அப்பாவுக்குப் பரிமாறினார். இந்தப் பரிசோதனை முறையை எந்த அறிவியல் துறையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த ஜூனில் உங்கள் வீட்டுப் பிள்ளை கையிலும் அந்தப் படிவம் வரலாம். நிரப்புவதற்கு முன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் ஒதுங்கி, "அண்ணே, எந்த மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க?" என்று கிசுகிசுப்பது கேட்டால் திட்டாதீர்கள். அவன் கேட்பது ஹார்வர்டு கேள்வி. முடிந்தால் காளான் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.